பரண் மேல் கிடக்கும் துப்பாக்கி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பழைய சினிமா பொருட்களைச் சேர்ப்பது பற்றி எழுதும்போது, போர்ப் படங்களில் வரும் துப்பாக்கிகளைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி சொல்லியிருந்தேன்: நிஜத் துப்பாக்கியைப் பக்கத்தில் பார்த்தால்தான் டம்மி, அதாவது சினிமாவுக்கென்று செய்த சுடாத போலித் துப்பாக்கி, அதன் வேலையை எடைபோட முடியும் என்று. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பாட்டுப் புத்தகம், சுவரொட்டி எல்லாம் ஓரமாக இருக்கட்டும்.

சார், சின்ன வயதிலிருந்தே எனக்குப் போர்ப் படங்கள் என்றால் உயிர். என் மச்சான் இங்கிலாந்தில் இருக்கிறார். சினிமாவுக்கு வாடகைக்குப் போய்வந்த, சுட முடியாதபடி செய்த நிஜ ரைபிள்கள் அங்கே சான்றிதழோடு கடையிலேயே கிடைக்கின்றன, லைசென்ஸே வேண்டாம் என்கிறார். ஒரு லீ என்ஃபீல்டு, அந்தப் பழைய பிரிட்டிஷ் ராணுவ .303 ரைபிள், வாங்கிவரச் சொல்லலாமா?
– குரோம்பேட்டை வாசகர்

வேண்டாம் சார். உங்கள் மச்சான் சொல்வது உண்மைதான், அங்கே அது சட்டப்படி நடக்கும் வியாபாரம். ஆனால் அந்தச் சட்டம் அந்த நாட்டு எல்லையோடு முடிந்துபோகிறது.

அந்தத் துப்பாக்கிக்கு என்ன செய்திருப்பார்கள் என்று தெரிந்துகொண்டால் மீதி தானாகப் புரியும். குழலைப் பக்கவாட்டில் நீளமாகப் பிளந்து, உள்ளே கெட்டி எஃகுக் கம்பியைச் செருகிப் பற்றவைத்துவிடுவார்கள். தோட்டா உட்காரும் அறையை அடைத்துவிடுவார்கள். தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் போல்ட் என்ற இரும்புத் தண்டின் முகத்தைச் சாய்வாகத் தேய்த்து, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் என்ற ஊசியையும் எடுத்துவிடுவார்கள். லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தும் பழைய நிறுவனங்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றில் ஒன்று பார்த்து, முத்திரை குத்தி, சான்றிதழ் கொடுத்துவிட்டால் அது துப்பாக்கிக் கணக்கில் வராது. இந்த ஏற்பாடு 1988இல் வந்த சட்டத் திருத்தத்திலிருந்து இருக்கிறது. 1995க்கு முன்னால் இப்படிச் செய்தவற்றில் போல்ட் இழுபடும், விசையை அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும், அதனாலேயே அங்கே சேகரிப்பவர்கள் அவற்றுக்கு ஏங்குவார்கள். 2016 ஏப்ரல் 8 முதல் ஐரோப்பா முழுவதற்கும் ஒரே விதி வந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றவைத்து அசையாமல் செய்துவிடுகிறார்கள். பெரும்பாலானவை இப்போது துப்பாக்கி வடிவத்தில் ஒரு இரும்புக் கட்டி, அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. 2015 ஜனவரியில் பாரிஸில் நடந்த தாக்குதலில் பயன்பட்ட துப்பாக்கிகளில் சில, ஸ்லோவாகியாவில் 'சத்தம் மட்டும் வரும்' துப்பாக்கி என்று கடையில் வெளிப்படையாக விற்கப்பட்டவை. சினிமாவுக்கும் போர்க்காட்சி நடிப்புக்கும் ஆகும்படி மாற்றிய துப்பாக்கிகளை யாரோ மறுபடி நிஜத் துப்பாக்கியாக்கிவிட்டார்கள். அரைகுறையாக அடைத்த குழலை நம்பக்கூடாது என்று ஐரோப்பா கற்றுக்கொண்டது அப்படித்தான், உயிர்களைக் கொடுத்து.

இனி நம் ஊர் விஷயம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி முழுத் துப்பாக்கி மட்டுமல்ல, அதன் பாகங்களும் ஆயுதம்தான். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு 10ஆவது பிரிவின்படி தனி லைசென்ஸ் வேண்டும். பர்மிங்ஹாம் முத்திரையை வைத்துக்கொண்டு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நீங்கள் எதையும் நிரூபிக்க முடியாது. பெட்டி ஸ்கேனருக்குள் போகும்போது திரையில் தெரிவது ஒரு ரைபிள், பிளந்த குழலும் உள்ளே இருக்கும் கம்பியும் அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. துண்டு துண்டாகக் கழற்றி கூரியரில் அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்தால் அது இன்னும் மோசம், ஒளித்துக் கொண்டுவந்ததாகவே ஆகிவிடும்.

மச்சான் ஆசைப்பட்டால் அவர் வாங்கித் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் போகும்போது கையில் எடுத்துப் பாருங்கள். அப்படியே லீட்ஸ் நகரில் இருக்கும் ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். திருப்தியாக இருக்கும்.

ஐயா, என் அப்பா எண்பதுகளில் கோடம்பாக்கத்தில் படங்களுக்குப் பொருட்கள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. பரணைச் சுத்தம் செய்தபோது பத்து துப்பாக்கிகள் கிடைத்தன. ஒன்பது மரத்தில் செய்தவை. ஒன்று மட்டும் இரும்பு, தூக்க முடியாத கனம், கட்டையில் வெள்ளைப் பட்டை அடித்து ஆங்கிலத்தில் டி.பி. என்று எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்யட்டும்?
– பெரம்பூர் வாசகி

அம்மா, முதலில் எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஒன்பதைப் போட்டால் எனக்கு வருத்தம், பத்தாவதைப் போட்டால் உங்களுக்கு வழக்கு.

நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது பயிற்சிக்கு ஒதுக்கிய ரைபிளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டி.பி. என்றால் 'டிரில் பர்ப்பஸ்', அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று பொருள். தேய்ந்துபோன பழைய .303 ரைபிள்களை இப்படி ஒதுக்கி, யாரும் தவறிப்போய்த் தோட்டா போட்டுவிடக்கூடாது என்று வெள்ளைப் பட்டை அடித்துவிடுவார்கள். கனம் நாலு கிலோ அளவுக்கு இருக்கும். கட்டை குறுகி இரும்போடு சேரும் இடத்தில், வலது பக்கம், ஒரு வளையம் மாதிரி இரும்பு இருக்கும். அதில் கிரீடமும் ஆண்டும் பொறித்திருந்தால் வெள்ளைக்காரன் காலத்தது. அசோகச் சிங்கமும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிறகு வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. இதையெல்லாம் டார்ச் அடித்துக் கண்ணால் மட்டும் பாருங்கள். போல்ட்டை இழுக்க வேண்டாம், விசையில் விரல் வைக்க வேண்டாம். முப்பது வருடமாகக் கிடக்கும் துப்பாக்கிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் 'சுடாத துப்பாக்கிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு' என்று சொல்லக்கூடும். உண்டுதான், 45ஆவது பிரிவில் இருக்கிறது. வழக்கொழிந்த மாதிரியோ, பழம்பொருள் மதிப்புள்ளதோ, பழுதானதோ ஆன ஆயுதம், 'பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்' துப்பாக்கியாகப் பயன்படாது என்றால் அதற்குச் சட்டம் பொருந்தாது. அந்த 'பழுது பார்த்தாலும்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. டி.பி. ரைபிள்களில் சிலவற்றுக்குக் குழலில் துளை போட்டு ஃபயரிங் பின்னை வெட்டியிருப்பார்கள், சிலவற்றுக்கு வெறும் பட்டை மட்டும்தான். ஒரு குழலும் ஒரு பின்னும் மாற்றினால் சுடும் என்று நிபுணர் சொல்லிவிட்டால் விலக்கு போய்விட்டது. முடிவு செய்ய வேண்டியவர் நீங்களும் அல்ல, நானும் அல்ல. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை. ஸ்டென், பிரென் மாதிரி விசையை விடும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் ரகம் என்றால் ஏழு முதல் பதினான்கு ஆண்டு.

பயப்பட வேண்டாம் அம்மா, நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. அப்பாவின் பழைய கணக்குப் புத்தகம், வாடகை ரசீது, ஏதாவது லைசென்ஸ் காகிதம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தெரிந்த வக்கீல் ஒருவரை வைத்து, எப்போது எப்படிக் கிடைத்தது என்று நாலு வரி எழுதி, உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள். துப்பாக்கியை நீங்கள் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அவர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வைத்திருக்க உரிமை இல்லாத ஆயுதத்தைத் தாமதிக்காமல் ஒப்படைக்க வேண்டும் என்று 21ஆவது பிரிவே சொல்கிறது, அதைத்தான் நீங்கள் செய்கிறீர்கள். சென்னை நகருக்குள் ஆயுத லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி போலீஸ் கமிஷனர், அலுவலகம் வேப்பேரியில். மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதும் அங்கேதான்.

சரி, அந்த ஒன்பது மரத் துப்பாக்கிகளுக்கு வருகிறேன். அவை உங்கள் அப்பாவின் சொத்து மட்டுமல்ல, கோடம்பாக்கத்தின் கைவேலை. துடைத்து, ஒரு பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். அவற்றைப் பற்றி அடுத்த கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

எனக்கு வயது இருபது. கல்லூரியில் படிக்கிறேன். பணமும் அதிகம் இல்லை, லைசென்ஸ் வாங்கும் வசதியும் இல்லை. போர்ப் படத் துப்பாக்கிகளைச் சேர்க்க எங்கே ஆரம்பிப்பது?
– திருவொற்றியூர் வாசகர்

டம்மியில் ஆரம்பியுங்கள் தம்பி. டம்மியிலேயே நின்றாலும் குறைவில்லை. இருபது வருடமாகச் சேர்க்கிறேன், என்னிடம் இரும்புத் துப்பாக்கி ஒன்றுகூடக் கிடையாது, வாங்கவும் மாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து செயலிழக்கச் செய்த துப்பாக்கி கிடைக்காதா என்று ஏங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த ரைபிள் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்தது. அதில் ஒன்று படத்தில் தலைகாட்டியது. ஆனால் நம் ஊரில் ஒரு போர்க்காட்சிக்கு முப்பது ரைபிள் வேண்டும் என்றால் ஆர்ட் டிபார்ட்மெண்டில் ஒரு ஆசாரி உட்கார்ந்து முப்பதையும் கையால் செய்தார். அது சினிமாவுக்கென்றே பிறந்தது, சினிமாவைத் தவிர வேறு எதற்கும் அதற்கு வேலை இல்லை. சினிமாத் துப்பாக்கி என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது எழுதும் மேசை மேல் அப்படி ஒன்று கிடக்கிறது. .303 மாதிரி. குழல் அரை அங்குல ஜி.ஐ. பைப், கட்டைக்குள் இரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் உருண்டைக் கைப்பிடி இருக்கிறதே, அது அலமாரி டிராயருக்குப் போடும் பித்தளைக் குமிழ், மேலே கறுப்புப் பெயிண்ட். குறிபார்க்கும் முள்ளைத் தகரத்தை வெட்டி மடித்து ஆணி அடித்திருக்கிறார்கள். பைப்புக்கு பிளாக் ஜப்பான் என்ற கறுப்பு வார்னிஷ் அடித்து, அது காய்ந்த பிறகு பென்சில் கரித்தூளைத் துணியில் தொட்டுத் தேய்த்திருக்கிறார்கள், சாய்த்துப் பிடித்தால் நிஜ இரும்பின் மங்கல் பளபளப்பு அப்படியே வருகிறது. கட்டையின் அடியில் சிவப்புப் பெயிண்ட்டில் 12/30 என்று எழுதியிருக்கிறது, முப்பதில் பன்னிரண்டாவது. நடுக்கட்டையில் ஒரு கையகலம் மட்டும் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிகிறது, எத்தனையோ ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் வெயிலில் இதைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்தத் தேய்மானத்தின் மேல் என் கையை வைத்தால் சரியாகப் பொருந்துகிறது. இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்?

டம்மியில் ரகங்கள் உண்டு, தெரிந்து வாங்குங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் வரும் ஹீரோவுக்கும் வில்லனுக்கும் நுணுக்கமாகச் செய்தது. சண்டைக்காட்சியில் தூக்கி எறிய, மேலே விழ, ரப்பரில் வார்த்தது. கூட்டத்துக்குக் கொடுக்க மரத்தில் செய்தது. கடைசி வரிசைக்குப் பிளைவுட்டை வடிவம் வெட்டிப் பெயிண்ட் அடித்தது, அதுவே தூரத்துக்குப் போதும். தொண்ணூறுகளுக்குப் பிறகு ஃபைபர் வந்து, ஒரு மோல்டு செய்துகொண்டால் நூறு எடுக்கலாம் என்று ஆனதும் ஆசாரிகளுக்கு இந்த வேலை குறைந்துபோனது. மரத்தில் செய்தவை உடைந்து, மழையில் ஊறி, செட் பிரிக்கும்போது விறகோடு விறகாகப் போயின. என் கண்ணெதிரே ஒரு கிடங்கில் கோணிக்கணக்கில் அடுப்புக்குப் போனது. அன்று நான் ஊரில் இருந்தும் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன், பதினொன்றுதான் மீட்க முடிந்தது.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் பொருள் வாடகைக்கு விடும் கிடங்குகளில் போய்ப் பேசுங்கள். வாங்க வந்தேன் என்று எடுத்தவுடன் சொல்லாமல், யார் செய்தது, எந்தப் படத்துக்கு, எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். வயதான ஆசாரி யாராவது இருந்தால் அவர் சொல்வதை அப்படியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பொருள் கைக்கு வராவிட்டாலும் அந்தக் குறிப்பு உங்கள் சேகரிப்புதான்.

சினிமாவில் சுடும் துப்பாக்கி நிஜமா, பொய்யா? நெருப்பு வருகிறதே?
– அயனாவரம் வாசகர்

இரண்டும் உண்டு. நிஜத் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டுச் சுடுவது ஒரு முறை. அந்தத் தோட்டாவில் மருந்து இருக்கும், ஈயக் குண்டு இருக்காது, வாயைப் பூப்போல மடித்து மூடியிருப்பார்கள். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளுக்குக் குழலில் சின்னத் துளை உள்ள ஒரு அடைப்பை வைத்தால்தான் உள்ளே அழுத்தம் நிற்கும், இல்லாவிட்டால் ஒரு முறை வெடித்து நின்றுவிடும்.

வெற்றுத் தோட்டாதானே என்று அலட்சியமாக இருந்தால் அதுவே கொல்லும். 1984இல் ஜான்-எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர் படப்பிடிப்பு இடைவேளையில் விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார், வெளிவந்த காற்றின் வேகமே மண்டையை உடைத்துவிட்டது. 1993 மார்ச் 31 அன்று புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ இறந்ததும் சினிமாத் துப்பாக்கியால்தான். முன்பு போட்ட டம்மி தோட்டாவின் (பார்வைக்காகக் குண்டு முனையோடு, மருந்து இல்லாமல் செய்வது) முனை மட்டும் குழலில் மாட்டிக்கொண்டிருந்தது, யாரும் குழலை எட்டிப் பார்க்கவில்லை, அடுத்து வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டபோது அந்த முனை நிஜக் குண்டாகப் பாய்ந்தது. 2021 அக்டோபரில் அமெரிக்காவில் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் இறந்தபோது படப்பிடிப்புத் துப்பாக்கியில் நிஜத் தோட்டாவே இருந்தது.

குழலில் வரும் நெருப்பைக் கம்ப்யூட்டரில் சேர்ப்பது இன்று எளிது. யாருடைய உயிரையும் பணயம் வைக்காமல் கிடைக்கும் நெருப்பே போதும் என்று நினைக்கிறேன்.

டம்மி துப்பாக்கிகளை வைத்துக் கடற்கரையில் குறும்படம் எடுக்கிறோம். பெசன்ட் நகரில் விடியற்காலை ஆள் இருக்காதே, அனுமதி எதற்கு?
– அடையாறு வாசகர்

ஆள் இருப்பார்கள். ஐந்து மணிக்கே நடக்க வருவார்கள், மீன் பிடிக்கப் போவார்கள். அவர்களில் ஒருவருக்கு உங்கள் கேமரா தெரியாமல் துப்பாக்கி மட்டும் தெரிந்தால் அவருக்கு அது டம்மி அல்ல. போன் வந்து ஓடிவரும் போலீஸ்காரருக்கும் அது டம்மி அல்ல.

ஒரு ராத்திரி கோயம்பேடு பக்கம் வண்டிச் சோதனையில் என்னை நிறுத்தினார்கள். பின்சீட்டில் சாக்கில் சுற்றிக் கட்டிய மர ரைபிள், குழல் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. என் பக்கம் டார்ச் அடித்த இளைஞர் இரண்டடி பின்னால் போன விதத்தை இன்றும் மறக்கவில்லை. அவர் கை நடுங்கியது, என் கையும். அன்றிலிருந்து எதைக் கொண்டுபோனாலும் மூடிய பெட்டியில், மேலே 'சினிமாப் பொருள், மரம்' என்று எழுதி, உள்ளே வாடகை ரசீதோ வாங்கிய ரசீதோ வைத்துத்தான்.

ஜப்பானில் 1971இலேயே, உலோகத்தில் செய்யும் கைத்துப்பாக்கி மாதிரிகளுக்கு வெள்ளையோ மஞ்சளோ அடிக்க வேண்டும், குழலை அடைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். நமக்கு நாமே அப்படி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். ஷாட் இல்லாத நேரத்தில் குழல் முனையில் ஆரஞ்சு டேப் சுற்றி வையுங்கள், பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும், அவர் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கட்டும். கடற்கரைக்கு முறையாக அனுமதி எடுங்கள், பக்கத்துக் காவல் நிலையத்துக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். முடியாது என்றால் துப்பாக்கிக் காட்சியை ஒரு மொட்டைமாடிச் சுவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்தில் வந்த துப்பாக்கி என்று ஒருவர் பெரிய விலை சொல்கிறார். நம்பலாமா?
– அண்ணா நகர் வாசகர்

காகிதம் கேளுங்கள். வாடகை ரசீது, கிடங்கின் எண், படப்பிடிப்புப் புகைப்படம். அதற்கும் மேலே கீறல் பேசும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கட்டையில் இருக்கும் வெட்டு, பெயிண்ட் உதிர்ந்த இடம், மர ரேகை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மர ரேகை கைரேகை மாதிரி, இரண்டு கட்டைக்கு ஒன்றாக இருக்காது.

பொருளின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு கதை. முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரி வைத்திருந்த வால்தர் கைத்துப்பாக்கி, செயலிழக்கச் செய்தது, 2020 டிசம்பரில் அமெரிக்காவில் 2,56,000 டாலருக்கு ஏலம் போனது. அடுத்த படத்தின் விளம்பரத்துக்காகப் புகைப்படம் எடுத்த அன்று துப்பாக்கியைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். புகைப்படக்காரர் தன்னிடம் இருந்த ஏர் பிஸ்டலைக் கொடுக்க, கானரி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார், உலகம் முழுக்கச் சுவரொட்டியில் வந்தது அதுதான். அந்த ஏர் பிஸ்டல் 2010இல் லண்டனில் 2,77,250 பவுண்டுக்குப் போனது. குருவி சுடும் காற்றுத் துப்பாக்கி, நிஜத் துப்பாக்கியைவிட அதிக விலைக்கு! அந்தச் சுவரொட்டியில் இருப்பது இதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, விலை அதற்குத்தான். உங்களிடம் விலை சொல்கிறவர் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முடியாவிட்டால் மரத்துக்கும் வேலைக்கும் உள்ள விலையை மட்டும் கொடுங்கள்.

திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். டம்மிகளின் பைப், ஆணி எல்லாம் துருப்பிடிக்கிறது.
– திருவான்மியூர் வாசகி

உப்புக் காற்று விடாது. வெறும் கையால் தொட்டால் விரல் பட்ட இடத்திலேயே துரு கிளம்பும், அதனால் துணிக் கையுறை போட்டு எடுங்கள். மாதம் ஒரு முறை தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு இரும்பில் மெல்லியதாகத் தடவித் துடைத்துவிடுங்கள், வழிய விடக்கூடாது, மரம் குடித்துக் கறுத்துவிடும். கேன்வாஸ் உறையிலோ தோல் உறையிலோ போட்டு வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அலமாரியில் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள், சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், கரையான் வந்தால் தெரியும். இதைவிட முக்கியம், அழகாக இருக்கட்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். செய்தவர் கை அந்தப் பழைய பெயிண்ட்டில்தான் இருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். உங்களைப் போன்றவர்களுக்கு இது ரசிக்கிற பொருள். எங்களுக்கு அப்படி இல்லை. இதைச் சேர்ப்பதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?
– வளசரவாக்கம் வாசகி

சகோதரி, இந்தக் கேள்விக்குத்தான் அதிக நாள் எடுத்துக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அப்போது வரவேற்பறைச் சுவரில் நாலு மர ரைபிள்களை மாட்டி வைத்திருந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்தார். கடைசியில், 'அண்ணை, அந்தக் குழல் வாசலைப் பார்த்து நிக்குது, கொஞ்சம் திருப்பி வைக்க ஏலுமோ?' என்று கேட்டார். மரம்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை. அன்றிரவே எல்லாவற்றையும் இறக்கினேன். இப்போது அவை அலமாரிக்குள், குழல் சுவரைப் பார்க்க, படுத்துக் கிடக்கின்றன. கேட்டால்தான் எடுத்துக் காட்டுவேன், அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன்.

எனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்கள். என்னிடம் இருப்பவை யாரையும் சுட்டதில்லை. போரை ஒருபோதும் பார்க்காத ஒரு ஆசாரி, ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு, ரம்பமும் அரமும் கொண்டு செய்தவை. அந்தக் கையின் திறமைதான் எனக்குப் பிடிக்கிறது. துப்பாக்கியின் மேல் எனக்கு ஆசை இருந்த காலமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதன் பாதி அந்த டீ நேரத்தில் போய்விட்டது. மற்ற சேகரிப்பாளர்களிடமும் சொல்லி வருகிறேன், வீட்டுக்கு வருகிறவர் எங்கிருந்து வருகிறார் என்று தெரியாமல் இதைக் கண்ணில் படும்படி மாட்டாதீர்கள் என்று. நீங்கள் எழுதியதற்கு நன்றி.

நிஜத் துப்பாக்கிகளைப் பக்கத்தில் பார்த்தால் டம்மி வேலையை எடைபோட முடியும் என்று எழுதியிருந்தீர்கள். சென்னையில் எங்கே பார்ப்பது?
– மயிலாப்பூர் வாசகர்

இரண்டு இடம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை இருக்கின்றன. கட்டையில் செய்திருக்கும் வேலைப்பாட்டைப் பாருங்கள். அடுத்தது புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம், கம்பெனிக் காலத்துத் துப்பாக்கிகளும் கைத்துப்பாக்கிகளும் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கும். பழைய இரும்பின் நிறம் கறுப்பல்ல, பழுப்பும் நீலமும் கலந்தது என்பது அங்கே நின்றால் தெரியும். டம்மிக்குக் கறுப்புப் பெயிண்ட் மட்டும் அடித்து விட்டவர் யார், மேலே கரித்தூள் தேய்த்தவர் யார் என்ற வித்தியாசமும் அப்போதுதான் புரியும்.

கோட்டையில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்ட குண்டின் மிச்சமும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று சுட்டது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. கெட்டிக்காரனை 'அவன் எம்டன்' என்று சொல்கிறோமே, அந்த எம்டன்தான். கோட்டைக்குள் போக அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் நிற்க வேண்டாம்.